பயண நியூஸ்லெட்டருக்குச் சந்தா கட்டலாமா? கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார். "தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன். மாசம் அஞ்சு டாலராம், வருஷத்துக்கு மொத்தமா கட்டினா ஐம்பது டாலராம். பாதி விலைக்கு ஃப்ளைட் டிக்கெட் எங்க கிடைக்குதுன்னு மெயில் அனுப்புவாங்களாம். கட்டிடவா?"

"அக்கா, அந்த டிக்கெட்டெல்லாம் எந்த ஊர்லேர்ந்து கிளம்புது?"

அவர் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, அந்த நியூஸ்லெட்டர் மடலின் பழைய இதழ்கள் பத்தைத் திறந்து பார்த்தோம். லண்டன், பாரிஸ், நியூயார்க், ஒன்றே ஒன்றில் டெல்லி. சென்னை ஒன்றில்கூட இல்லை. அக்கா போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் நாலு வருடத்தில் மூன்று பயண மடல்களுக்குக் காசு கட்டியிருக்கிறேன். ஒன்று கொடுத்த காசுக்கு மேலேயே திருப்பித் தந்தது. இன்னொன்றை மூன்று மாதத்துக்கு மேல் திறக்கவில்லை. மூன்றாவது, நான் மறந்துபோன ஒரு ஆகஸ்ட் மாதத்தில் தானாகவே இன்னொரு வருடத்துக்குப் பணத்தை எடுத்துக்கொண்டது. இந்த மூன்றிலும் கற்றதைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், இரண்டு விஷயங்களை உரசிப் பார்க்க வேண்டும். எழுதுகிறவருக்கு நிஜமாகவே ஊர் தெரியுமா என்பதை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊரை வைத்துப் பாருங்கள். அந்த மடல் உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் பழைய டிக்கெட்டுகளை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு பைசா செலவில்லை.

முதல் வேலை: பழைய டிக்கெட்டுகளை எடுங்கள்

போக ஆசைப்படும் இடங்களை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். போன இரண்டு வருடத்தில் நிஜமாகவே போய் வந்த பயணங்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் கொஞ்சம் கிடைக்கும், பஸ் டிக்கெட் எஸ்எம்எஸ் இருக்கும், போன் கேலரியில் தேதியோடு படங்கள் இருக்கும், அதிலும் சிக்காதது வீட்டில் அம்மாவைக் கேட்டால் வந்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் எதிரில் நாலு விவரம் போதும்: எந்த மாதம், எத்தனை பேர், எத்தனை நாள் முன்னால் டிக்கெட் போட்டது, அப்புறம் இடத்தையும் தேதியையும் முடிவு செய்தது யார்.

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். அக்கா பள்ளி ஆசிரியை. அவர் எழுதிய பட்டியலில் ஆறு பயணம் இருந்தது. திருச்செந்தூர் இரண்டு முறை, அரையாண்டு விடுமுறையில் வேளாங்கண்ணி, கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம், மே மாதம் மூணாறு, அடுத்த மே மாதம் மலேசியா. கல்யாணத்துக்கு இடமும் தேதியும் பத்திரிகையில் அச்சாகி வந்துவிட்டது. திருச்செந்தூர் வேண்டுதல். வேளாங்கண்ணி, மாமியார் வருடா வருடம் போகிற இடம். ஆக, "எங்கே போகலாம்" என்று அக்கா உட்கார்ந்து யோசித்தது ஆறில் இரண்டு முறைதான். எவ்வளவு நல்ல மடலாக இருந்தாலும் அந்த இரண்டு பயணங்களுக்குத்தான் அது உதவ முடியும், மற்ற நாலில் அதற்கு வேலையே இல்லை. இரண்டு வருடச் சந்தாத் தொகையை ஆறால் வகுத்துப் பார்க்கக் கூடாது, இரண்டால் வகுக்க வேண்டும்.

தேதியையும் பாருங்கள். மலிவு டிக்கெட் சொல்லும் மடல்களால் பலன் அடைகிறவர்கள், "செவ்வாய்க்கிழமை கிளம்பி அடுத்த புதன் திரும்பினால் இந்த விலை" என்று வந்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பக்கூடியவர்கள். பொங்கல், தீபாவளி, மே மாத விடுமுறை என்று ஊரே கிளம்பும் நாளில்தான் உங்களாலும் கிளம்ப முடியும் என்றால், அந்த நாட்களில் விலையைக் குறைக்க விமான நிறுவனத்துக்கு ஒரு காரணமும் கிடையாது. எனக்குத் தெரிந்த காசிமேட்டுப் படகுக்காரர் குடும்பம் ஒன்று வெளியூர் போவது மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மற்ற மாதங்களில் அவர்களிடம் போய் இத்தாலிக்கு டிக்கெட் சும்மா தருகிறார்கள் என்று சொன்னாலும் நகர மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது கோடையில் குளிராக இருக்கும் இடத்தைப் பற்றி நன்றாக எழுதுகிற ஒரே ஒரு மடல், அதுவும் வருடத்தில் மூன்று மாதத்துக்கு.

உங்கள் தாளில் நீங்களே தேர்ந்தெடுத்த பயணம் ஒன்றுகூட இல்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். படிக்கிற சுகத்துக்காக வேண்டுமானால் கட்டலாம், அதுவும் நல்ல காரணம்தான், ஆனால் அதைப் பயணச் செலவில் எழுதாமல் புத்தகச் செலவில் எழுதுங்கள்.

இரண்டாவது: அது எந்த ரக மடல்

எல்லாவற்றுக்கும் பெயர் நியூஸ்லெட்டர்தான், ஆனால் வேலை வேறு வேறு.

விலை குறையும்போது தகவல் சொல்லும் மடல் ஒரு ரகம். இதில் முதல் கேள்வி நான் அக்காவிடம் கேட்டதுதான். உலகத்தில் பிரபலமானவை பெரும்பாலும் வேறு நாட்டுக்காரர்களுக்காக நடத்தப்படுபவை. 'கோயிங்' என்று 2023-லிருந்து அழைக்கப்படும், அதற்கு முன் 'ஸ்காட்ஸ் சீப் ஃப்ளைட்ஸ்' என்றிருந்த சேவை, அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து கிளம்புகிறவர்களுக்கானது. 'ஜாக்ஸ் ஃப்ளைட் கிளப்' பிரிட்டனில் பிறந்து அங்கத்திய பயணிகளை வைத்து வளர்ந்தது. அவர்களுக்கு இரண்டும் உபயோகமானவைதான். தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு நாம் அதற்குக் காசு கட்டுவதில் அர்த்தமில்லை, அவ்வளவுதான். எந்த மடலாக இருந்தாலும் பழைய இதழ்களில் "சென்னை" என்றோ நம் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடான "எம்ஏஏ" என்றோ தேடிப் பாருங்கள். "இந்தியாவிலிருந்து" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு உள்ளே டெல்லியும் மும்பையும் மட்டும் வைத்திருப்பவர்களும் உண்டு. டெல்லி வரை போகிற டிக்கெட்டையும் அங்கே ஒரு ராத்திரி தங்குகிற செலவையும் கூட்டிப் பாருங்கள், லாபம் கரைந்துவிடும்.

இரண்டாவது ரகம் ஓர் ஊரையோ ஒரு பகுதியையோ ஆழமாகச் சொல்பவை: எங்கே சாப்பிடுவது, எந்த நேரத்தில் போவது, எந்தத் தெருவில் தங்குவது. காசு கட்டுவதற்குப் பெரும்பாலும் தகுதி உள்ளவை இவைதான் என்பது என் அனுபவம், ஏனென்றால் இந்த விவரத்தை நேரில் போகாமல் எழுத முடியாது.

மூன்றாவது, பயணத்தை எழுத்தாகச் சொல்பவை. இவற்றை ரூபாய்க் கணக்கில் அளக்காதீர்கள். படிக்கப் பிடிக்கிறதா, கட்டுங்கள்.

கிரெடிட் கார்டு பாயின்ட், ஏர் மைல் பற்றிச் சொல்பவை நாலாவது. மாதா மாதம் கார்டில் பெரிய தொகை தேய்க்காதவர்களுக்கு இவை வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது: ஆறு வாரம் சும்மா படியுங்கள்

சப்ஸ்டாக் போன்ற தளங்களில் வரும் மடல்கள் பலவற்றுக்கு இலவசப் பகுதி உண்டு. முதலில் அதில் சேருங்கள். ஜிமெயிலில் தனியாக ஒரு லேபிள் போட்டு அதில் விழும்படி செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் பில்லுக்கும் பேங்க் மெயிலுக்கும் நடுவில் காணாமல் போய்விடும்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தையே இதற்குப் பயன்படுத்தினேன். ஒவ்வொரு மடலுக்கும் ஒரு வரி: வந்த தேதி, திறந்தேனா, முழுசாகப் படித்தேனா, எனக்குத் தெரியாத ஏதாவது ஒன்று இருந்ததா. ஆறு வாரத்தில் ஒரு மடல் எனக்கு ஒன்பது முறை வந்தது. அதில் திறந்தது ஐந்து, முழுசாகப் படித்தது இரண்டு, புதிதாகத் தெரிந்துகொண்டது ஒன்று. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் வேறு யோசனையே தேவைப்படவில்லை. சும்மா வரும்போது திறக்காத மடலை, காசு கட்டிவிட்டோம் என்பதற்காகத் திறப்போம் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் கட்டுகிறார்கள், நானும் அப்படித்தான் ஒன்றுக்குக் கட்டினேன். இரண்டு மாதம் திறப்போம், அப்புறம் பழைய கதைதான்.

சில மடல்கள் ஏழு நாள் இலவசமாகப் பார்க்க விடும். அந்த ஏழு நாளைப் புதிய மடலுக்காகக் காத்திருந்து வீணாக்காதீர்கள், அதிகம் போனால் இரண்டு வரும். அதற்குப் பதிலாகப் பூட்டி வைத்திருக்கும் பழைய இதழ்களைத் தேடிப் படியுங்கள். எதைத் தேடுவது என்பதுதான் அடுத்தது. நான் சொல்வதில் எனக்கு அதிக நம்பிக்கை உள்ள பகுதியும் இதுதான்.

நாலாவது: உங்கள் ஏரியாவை வைத்து உரசிப் பாருங்கள்

தங்கத்தை உரைகல்லில் உரசுவது போல, ஒரு பயண மடலை உரசிப் பார்க்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு கல் இருக்கிறது: நீங்கள் வளர்ந்த இடம். கிரீஸைப் பற்றியோ ஜப்பானைப் பற்றியோ அவர் எழுதியது சரியா தப்பா என்று நமக்குத் தெரியாது. சென்னையைப் பற்றி, முடிந்தால் வடசென்னையைப் பற்றி அவர் எழுதியிருப்பதைத் தேடி எடுங்கள். அது எப்படி இருக்கிறதோ அப்படித்தான் மற்ற ஊர்களைப் பற்றி எழுதியதும் இருக்கும்.

காசிமேட்டை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகம் போங்கள், ஏலம் பாருங்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள். எந்த மாதம் என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள். தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கரையில் வலை பின்னுவார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். சின்ன ஃபைபர் படகுகள் கொண்டுவருவதை வைத்துத்தான் வியாபாரம், வஞ்சிரம் விலை எகிறிக் கிடக்கும். இந்தத் தடை 2017-இல்தான் 45 நாளிலிருந்து 61 நாளாக நீண்டது. மே மாதம் வந்து இறங்கும் ஒருவருக்கு, "பெரிய படகு வந்து சேரும் காட்சியைத் தவறவிடாதீர்கள்" என்று எழுதுகிறவர் அந்த மாதத்தில் அங்கே நின்றதே இல்லை. தடைக்காலம் என்ற சொல்லே இல்லாமல் காசிமேட்டைப் பற்றி ஒரு முழு மடல் எழுதியிருந்தால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். அதே சமயம், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கால் வைக்க இடமிருக்காது, செருப்பு வழுக்கும், ஐஸ் பெட்டி தூக்கி வருபவருக்கு வழிவிட்டு நில்லுங்கள், மீன் விற்கும் அம்மாக்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள் என்று நாலு வரி இருந்தால், அவர் போய் நின்றவர்.

அடுத்தது ராயபுரம் ரயில் நிலையம். "இந்தியாவின் முதல் ரயில் நிலையம்" என்று எழுதியிருந்தால் தப்பு. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-இல் பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடியது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று ஓடியது தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். பம்பாயின் அந்தப் பழைய நிலையம் இப்போது இல்லை, ராயபுரத்தில் அன்று கட்டிய கட்டடம் நின்றுகொண்டிருக்கிறது. ஒரு சொல் வித்தியாசம்தான், ஆனால் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறவர்கள் வழுக்குவது சரியாக இந்த இடத்தில்.

சாப்பாட்டில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைத் தேடுங்கள். பர்மா பஜாரையும் செகண்ட் லைன் பீச் தெருவையும் சொல்லி "சென்னை நூடுல்ஸ்" என்று ஒரு வரியில் முடித்திருக்கிறாரா, அல்லது 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்தது என்றும், கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் கொடுப்பார்கள் என்றும், அவர்களில் பலர் குடியேறியது வியாசர்பாடிப் பக்கம் என்றும் எழுதியிருக்கிறாரா? இரண்டாவது மாதிரி எழுதுகிறவர் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பவில்லை, நின்று பேசியிருக்கிறார்.

பழவேற்காட்டைப் பற்றி இருந்தால் இன்னும் நல்லது. பூநாரைகளைப் பார்க்க எந்த மாதம் போக வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும், அவை குளிர்காலத்தில்தான் கூட்டமாக வரும். காரில் போவதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்கலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை, அல்லது அப்படிப் போகிறவர்களை அவர் மனதில் வைத்து எழுதவில்லை. எது காரணமாக இருந்தாலும் மின்சார ரயிலில் போகும் எனக்கு அவர் மடல் சரிப்படாது.

வடசென்னை என்ற உடனே ரவுடி, கத்தி, குறுகிய சந்து என்று ஆரம்பித்தால் நான் மேலே படிப்பதில்லை. சினிமா பார்த்து எழுதியது அது. நேரில் வந்தவர் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலின் வடிவுடையம்மன் சன்னதியில் வெள்ளிக்கிழமை நிற்கும் கூட்டத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் இருக்க மாட்டார். நம் ஊரை இப்படிச் சினிமா பார்த்து எழுதுகிறவர் கல்கத்தாவையும் கெய்ரோவையும் வேறு எப்படி எழுதுவார்?

இடம் தெரியுமா என்பதோடு, சொல்வது இன்றைக்கும் பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். ரயில் முன்பதிவு எத்தனை நாள் முன்னால் என்று எழுதியிருக்கிறார்? 120 நாள் என்றிருந்தால் பழசு, 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். தட்கல் பற்றிச் சொல்லும் இடத்தில் ஆதார் இணைப்பு பற்றி இருக்கிறதா? ஆன்லைனில் போட அது 2025 ஜூலை முதல் கட்டாயம். திருவொற்றியூர் போக டாக்சி பிடிக்கச் சொல்கிறாரா? திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2021 பிப்ரவரியில். பழைய மடலில் பழைய தகவல் இருப்பது குற்றமில்லை, யாராலும் எல்லாவற்றையும் திரும்ப எழுத முடியாது. மேலே ஒரு வரி, "இது இந்த மாதம் எழுதியது, இன்னது மாறிவிட்டது" என்று சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். அந்த ஒரு வரி சேர்க்கும் உழைப்புக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

நான் கட்டிய மூன்றில் கொடுத்த காசுக்கு மேல் தந்தது என்று சொன்னேனே, அதை இப்படித்தான் கண்டுபிடித்தேன். எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றி அதில் ஒரு பழைய இதழ் இருந்தது. எழுதியவர் ரயிலில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து, அனல்மின் நிலையத்தின் சாம்பல் கழிவைப் பற்றியும், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் இறால் தடவும் மனிதர்கள் கையால் சேற்றைத் துழாவி வாயில் கவ்விய பறிக்கூடையில் போட்டுக்கொள்வதைப் பற்றியும் எழுதியிருந்தார். அழகான இடம் என்று பொய் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் அவர் ஒடிசா பற்றி எழுதியதை நம்பி சில்கா ஏரிக்குப் போனேன். அவர் சொன்ன துறையில், சொன்ன நேரத்தில், சொன்ன விலைக்குப் படகு கிடைத்தது.

ஐந்தாவது: எழுதுகிறவருக்குச் சோறு போடுவது யார்

ஹோட்டல்காரர் சும்மா தங்கவைத்து, சுற்றுலாத் துறை டிக்கெட் போட்டுக் கொடுத்து எழுதவைத்த மடலா, சந்தாக்காரர் காசில் ஓடும் மடலா என்று பாருங்கள். விளம்பரம் வாங்குவது தப்பில்லை, சொல்லாமல் வாங்குவதுதான் தப்பு. காசோ சலுகையோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ஒன்றிய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. எளிய சோதனை ஒன்று இருக்கிறது: பத்து இதழில் ஒரு இடத்தையாவது "நன்றாக இல்லை, போகாதீர்கள்" என்று எழுதியிருக்கிறாரா? ஒன்றுகூட இல்லையென்றால் அது விளம்பர நோட்டீஸ், அதற்கு நாம் காசு கொடுக்கக் கூடாது.

நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். சப்ஸ்டாக்கில் நீங்கள் கட்டும் காசில் தளம் எடுத்துக்கொள்வது 10 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி, மீதி எழுதுகிறவருக்குப் போகிறது. இறால் தடவுகிறவர்களைப் பார்க்க வெயிலில் நடந்த ஒருவருக்கு நேராகப் போய்ச் சேருகிறது என்பது எனக்குச் சந்தோஷம்தான்.

ஆறாவது: உண்மையான விலையைக் கூட்டுங்கள்

50 டாலர் என்றால் 50 டாலர் இல்லை. டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,500. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 5,310. உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் அதற்கு ஒரு 186, அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி 33. ஆக 5,529 ரூபாய். விளம்பரத்தில் பார்த்ததைவிட ஆயிரம் ரூபாய்க்கு மேல் அதிகம். எல்லா மடலும் ஜிஎஸ்டி சேர்ப்பதில்லை, எல்லா கார்டும் 3.5 எடுப்பதில்லை, அதனால் பணம் கட்டும் கடைசித் திரையில் வரும் தொகையையும் உங்கள் கார்டின் கட்டணப் பட்டியலையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அப்புறம் முதல் தாளை எடுங்கள். அக்காவுக்கு வருடத்துக்கு ஒரு சுயமான பயணம். அப்படியென்றால் அந்த ஒரு பயணத்தில் இந்த மடல் 5,500 ரூபாயை மிச்சப்படுத்த வேண்டும், அல்லது அந்தக் காசுக்கு ஈடான ஒரு நல்ல நாளைத் தர வேண்டும். நாலு பேர் குடும்பம் விமானத்தில் போனால் தலைக்கு 1,400 குறைந்தாலே போதும், நடக்கக்கூடியதுதான். ஸ்லீப்பரில் ராமேஸ்வரம் போகிறவருக்கு அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் உதைக்கும்.

ஏழாவது: சும்மா கிடைப்பதை முதலில் தீர்த்துவிடுங்கள்

கூகுள் ஃப்ளைட்ஸில் சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குத் தேதி போட்டு விலையைக் கண்காணிக்கும் பொத்தானை அழுத்திவிட்டால், விலை ஏறி இறங்கும்போது மெயில் வரும். போகும் ஊர் தெரிந்துவிட்டது என்றால் அந்த வேலைக்குக் காசு கட்டிய மடல் தேவையில்லை. எங்கே போவது என்றே முடிவாகாதவர்களுக்குத்தான் விலை மடலால் பலன். ஊர் விவரத்துக்கு விக்கிவாயேஜ் இருக்கிறது, விக்கிப்பீடியா நடத்தும் அதே அறக்கட்டளையுடையது, விளம்பரம் கிடையாது, பெரிய ஊர்களுக்கு நன்றாக இருக்கும், சின்ன ஊர்களுக்கு மெலிந்து கிடக்கும். எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமரா நூலகத்தில் பயண நூல்கள் வாங்கிப் படிக்கலாம். இதையெல்லாம் பார்த்தும் கிடைக்காத ஒன்று மடலில் இருந்தால், அதற்குக் காசு கொடுப்பது நியாயம்.

எட்டாவது: கட்டும் நாளில்

கட்டலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள், சரி. முதலில் ரத்து செய்யும் வழியைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் கார்டை எடுங்கள். சேருவதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்கு ஏழு பக்கமும் வைத்திருப்பதைச் "சந்தாப் பொறி" என்று 2023 நவம்பரில் வந்த ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எவ்வளவு சலுகை காட்டினாலும் முதலில் மாதச் சந்தா. வருடச் சந்தா மலிவாகத் தெரிவது பன்னிரண்டு மாதமும் படிப்பவருக்குத்தான்.

வெளிநாட்டு மடல் என்றால் கார்டில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை பேங்க் ஆப்பில் போய்த் திறக்க வேண்டும், கட்டி முடித்தவுடன் மூடிவிடுங்கள். தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது: முதலில் ஓடிபி போட்டு நீங்கள் அனுமதி கொடுத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வர வேண்டும், அந்தத் தகவலிலேயே வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். எனக்கு ஆகஸ்டில் பணம் போனபோதும் அந்த எஸ்எம்எஸ் வந்திருந்தது. லோன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்ற பத்து எஸ்எம்எஸ்ஸுக்கு நடுவில் அது கிடந்ததை நான் பணம் போன பிறகுதான் பார்த்தேன். அதனால் எஸ்எம்எஸ்ஸை நம்பாமல், கட்டிய அன்றே போன் காலண்டரில் புதுப்பிக்கும் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் ஒரு நினைவூட்டல் வையுங்கள். யூபிஐ ஆட்டோபே என்றால் அந்த ஆப்பிலேயே ஆட்டோபே பகுதியில் போய் நிறுத்திவிடலாம், இது எளிது.

வேறு சிலர் வேலை மெனக்கெட்டு ஒரே சந்தாவை எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் இருபது பேருக்கு அனுப்புவார்கள். செய்யாதீர்கள். சின்ன மடல்கள் சில நூறு பேரின் சந்தாவில்தான் ஓடுகின்றன. குழுச் சந்தா இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், பலர் குறைத்துத் தருவார்கள்.

ஒன்பதாவது: கட்டிய பிறகு

அதே நோட்டு, அதே ஒரு வரி. மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள். ரத்து செய்தாலும் ஏற்கெனவே மெயிலில் வந்த மடல்கள் உங்கள் இன்பாக்ஸில் அப்படியே இருக்கும், தளத்தில் உள்ள பழைய இதழ்கள்தான் பூட்டிக்கொள்ளும். அதனால் ரத்து செய்வதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து, அடுத்த வருடம் போக நினைக்கும் ஊர்களைப் பற்றிய இதழ்களைப் படித்து வேண்டியதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டின காலத்துக்குள் செய்வதால் அது உங்கள் உரிமைதான்.

அக்கா அந்த டாலர் மடலுக்குக் கட்டவில்லை. மலைப் பிரதேசங்களைப் பற்றி மட்டும் எழுதும் ஒரு சின்ன மடலை ஆறு வாரம் சும்மா படித்தார். அதில் ஏற்காடு பற்றி இருந்ததைத் தன் அம்மா ஊர் சேலம் என்பதால் வரிக்கு வரி சரிபார்த்தார், ஒரு இடத்தில் பஸ் நேரம் தப்பு என்று எழுதியவருக்கு மெயில் போட்டார். மறுநாளே நன்றி சொல்லி, மேலே ஒரு வரி சேர்த்துத் திருத்திவிட்டார்கள். இப்போது வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் கட்டுகிறார், பிப்ரவரியும் மார்ச்சும். மே மாத ரயிலுக்கு முன்பதிவு மார்ச்சில் திறக்கும், அதற்குள் எந்த மலை என்று முடிவாகியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் தேதிக்குள் ரத்து. போன வாரம் துணி எடுக்க வந்தபோது, "தம்பி, இந்த வருஷம் கொல்லிமலை, எழுபது கொண்டை ஊசி வளைவாம், வாந்தி மாத்திரை மட்டும் ஞாபகமா வாங்கணும்" என்றார்.